பைலட்டுகளுக்கு ஒரு டின் முறுக்கு

டிச. 9, செவ்வாய்
விடிந்ததிலிருந்து மழை. பிரிக்பீல்ட்ஸில் வீட்டுக்கு முன்னால் கணுக்கால் தண்ணீர். கார் சர்வீஸ் மறுபடி தள்ளிப்போட்டாச்சு.

பத்தரைக்கு, முப்படைக் கூட்டுத் தலைமையகத்தில் என் மேசைக்கு ஒரு தாள். போர்ட் கிள்ளான் மீன்பிடிப் படகு, இரண்டு நாளாகத் தொடர்பில்லை. ஐந்து பேர். கடலோரக் காவல் நம் உதவி கேட்கிறது. படகு எண்ணை இரண்டு முறை படித்தேன். அக்கா புருஷன், சேகர் மாமா, எஞ்சின் பார்க்கும் படகு.

கர்னலிடம் சொல்ல வேண்டும். சொன்னால், சொந்தக்காரர் விஷயம் என்று மேசையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார். சொல்லவில்லை. விமானப்படையிடம் ஒரு விமானம், கடற்படையிடம் ஒரு கப்பல். கெஞ்சாத குறையாகக் கேட்டு வாங்கினேன்.

டிச. 10, புதன்
மழை. விமானம் இரண்டு முறை போய் வந்தது. ஒன்றுமில்லை.

வேலை முடிந்து நேரே அக்கா வீடு. அழவில்லை, அடுப்படியில் நிற்கிறாள்.

"நீ பெரிய ஆபிஸ்ல இருக்க, இன்னும் நாலு பிளேன் அனுப்பச் சொல்லு லா."

எங்களுக்குச் சொந்தமாக ஒரு தோணிகூடக் கிடையாது, மூன்று படைகளிடமும் கேட்டு வாங்கி எது எங்கே போகணும் என்று பிரிப்பதுதான் வேலை என்றேன். காதில் ஏறவில்லை. ஒரு மைலோ டின் நிறைய முறுக்கு, பைலட்டுகளுக்காம்.

"பசியோட தேடினா கண்ணு தெரியாதுடி."

டின் கார் பின்சீட்டில். பைலட்டுகள் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை.

வாங்க: பால், குடை, அக்காவுக்குப் பிரஷர் மாத்திரை.

டிச. 11, வியாழன்
கிழக்குக் கரையில் வெள்ளம். கம்பத்துக் கிராமங்கள் துண்டிப்பு, கூரைமேல் குழந்தைகள். இருந்த விமானமெல்லாம் அங்கே போய்விட்டது, இன்னும் ஒன்று வேண்டுமாம். மிச்சம் இருப்பது மாமாவைத் தேட நான் வாங்கியது.

எதை எங்கே அனுப்பலாம் என்று வழக்கப்படி மேசை அதிகாரிதான், அதாவது நான்தான், முதலில் எழுத வேண்டும். கால் மணி நேரம் கொடுத்தார் கர்னல். கழிப்பறையில் போய் நின்றேன். கடவுளே, என் கையாலா. கடலில் நான்காவது நாள்.

எழுதினேன்: விமானம் வெள்ளத்துக்கு, கப்பல் மட்டும் தேடட்டும். கையெழுத்து.

நியாயம் என்று எழுதினேனா, மாட்டிக்கொள்வேன் என்று பயந்தா? தெரியவில்லை. "குட், மேஜர்" என்றார் கர்னல்.

டிச. 12, வெள்ளி
வெயில். இந்த வாரத்தில் முதல் வெயில். தேட நல்ல நாள், மேலிருந்து பார்க்கத்தான் ஆள் இல்லை. கப்பல்: ஒன்றுமில்லை.

மூன்று மணிக்கு அக்கா போன். வாசலில் நிற்கிறாளாம், பிளேன் சத்தம் கேட்கிறதாம்.

"நம்ம பிளேன்தானேடி?"

சுபாங் விமான நிலையத்தில் இறங்கும் பயணிகள் விமானமாக இருக்கும்.

"ஆமாக்கா."

"முறுக்கு கொடுத்தியா?"

"கொடுத்தேன். நல்லா இருக்குன்னாங்க."

இன்னொரு டின்னுக்கு மாவு பிசையப் போகிறாளாம்.