அம்மா மறுபடி வைத்த பொட்டு

அப்பா,

நம் வீட்டுக் கண்ணாடியின் ஓரத்தில் இன்று சாயங்காலம் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தது. நீங்கள் சென்னை ஆஸ்பத்திரியில் இறந்ததிலிருந்து அம்மா பொட்டு வைப்பதில்லை. சித்தப்பாதான் நம் தீவின் ஹட் பே கடையிலிருந்து பொட்டும் வளையலும் வாங்கி வந்தார். நாளை தோட்டம் பார்க்க அதிகாரி வரும்போது அம்மா அவற்றோடு நிற்க வேண்டுமாம். வைத்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறாள்.

தோட்டம் உங்கள் பெயரில் இருப்பதால் தென்னங்கன்றுக்கான மானியமும் உங்கள் பெயருக்கே வருகிறது. நீங்கள் இறந்ததைச் சித்தப்பா ஆபீசில் சொல்லவே இல்லை. உங்கள் ஏடிஎம் கார்டு அவர் சட்டைப்பையில் இருக்கிறது. உங்கள் பேச்செடுத்தாலே அவர் அழுவார். அந்த அழுகையை நான் நம்பியிருந்தேன்.

"அப்பா வைத்தியத்துக்கு மெயின்லேண்ட் போயிருக்காருன்னு சொல்லு, போதும்" என்றார்.

"நான் ஏன் சித்தப்பா?"

"புது ஆபீசர் சாப்புக்குத் தமிழ் தெரியாது. உங்கம்மா இந்தியைக் கேட்டா மனுஷன் அடுத்த கப்பல்லயே ஓடிருவாரு. நான் சொன்னா ஆயிரம் கேள்வி வரும். பள்ளிக்கூடத்துப் புள்ள சொன்னா நம்பிருவாங்க." பிறகு சிரித்துக்கொண்டே, "மானியம் நின்னா உன் படிப்பும் நின்னுரும், பாத்துக்க" என்றார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "சொல்லிடு கண்ணு" என்றாள், நிமிராமலே. சித்தப்பா சொன்னதைவிட அதுதான் வலித்தது.

நான் சொல்ல வேண்டிய பொய் பாதி உண்மை என்பதால் இன்னும் பயமாக இருக்கிறது. நீங்கள் கடல் தாண்டி மெயின்லேண்டுக்கு, சென்னைக்குத்தானே போனீர்கள். கப்பல் துறையில் என் தலையைத் தடவி, "அடுத்த கப்பல்ல வந்துருவேன்" என்றீர்கள். இந்தத் தீவில் ஒருவரைக் காணவில்லையென்றால் மெயின்லேண்ட் போயிருக்கிறார் என்று சொன்னாலே போதும். மேற்கொண்டு யாரும் கேட்பதில்லை.

போன வருடம் பழைய அதிகாரி வந்தபோதும் நான்தான் உங்களுக்காக இந்தியில் பேசினேன். பாதிக் கன்றுகளைக் காட்டுப்பன்றி தோண்டிப் போட்டுவிட்டது என்று சொல்லச் சொன்னீர்கள். மானியம் குறைந்தது. "எங்கண்ணன் பன்னிக்கும் சேத்து சாட்சி சொல்றவரு" என்று சித்தப்பா ஊரெல்லாம் கேலி செய்தார். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். அதிகாரியின் முன்னால் என் குரல் நடுங்கியதை மட்டும் கவனித்திருந்தீர்கள். திரும்பி வரும்போது, "கேட்டா உள்ளதைச் சொல்லிரு தங்கம். பயமா இருந்தா மெதுவாச் சொல்லு" என்றீர்கள்.

சித்தப்பா முன் அறையில் படுத்திருக்கிறார். டார்ச் வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன்; அவர் இருமும்போதெல்லாம் அதை அணைத்துவிடுகிறேன். அம்மா என் பக்கத்தில்தான் இருக்கிறாள், தூங்கவில்லை என்று நினைக்கிறேன். நாளை நான் வாயைத் திறந்த பிறகு அவள் என்னோடு பேசுவாளா என்று தெரியவில்லை. படிப்பு என்னவாகும் என்றும் தெரியவில்லை.

அப்பா இறந்துவிட்டார் என்பதை இந்தியில் உதட்டுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். பாப்பா நஹீ ரஹே. வேகமாகச் சொன்னால் பாதியிலேயே நின்றுவிடுகிறது.

மெதுவாகச் சொன்னால் வருகிறது, அப்பா.