வடை விலை இறங்கிய தை மாதம்

ராஜபாளையம்
12-2-1999

அன்புள்ள மகன் இருளப்பசாமிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், கால் வீக்கம் வற்றிவிட்டது. அங்கே உனக்கும் மருமகள் செல்லக்கனிக்கும் மடவார் வளாகத்து வைத்தியநாத சாமி துணை இருக்கட்டும். வடைக்கடையை மூடிவிட்டு நாசிக்குக்கே வந்துவிடு என்று நீ எழுதிய கடிதம் கிடைத்தது, பதில் ஏன் தாமதம் என்று சொல்கிறேன் கேள்.

ஆவணியில் அப்பா போனார், தீபாவளிக்கு வெங்காயம் கிலோ நாற்பதைத் தொட்டது. பருப்பு எண்ணெய் எல்லாம் கூடவே ஏறியது, நாடு முழுக்க இதே பாடுதானாம். அப்பா இருந்தவரை விலை சொல்வது அவர் வேலை, நான் எண்ணெய்ச் சட்டியை விட்டுத் தலை தூக்கியதில்லை. அவர் வைத்த ஒரு ரூபாயை மாற்ற மனசு வராமல் உளுந்து வடையில் வெங்காயத்தைக் குறைத்தேன், பொறவு மாவையும் குறைத்து நடு ஓட்டையைப் பெரிதாக்கினேன். மில் ஷிப்டு முடிந்து வருகிற முத்துவீரன் வடையைக் கண்ணில் வைத்துப் பார்த்து, ஏ அத்தை, ஒம்மவன் நாசிக்குல வெங்காயக் காட்டுக்குள்ள இருக்கான், நீ எங்களுக்கு ஓட்டையச் சுட்டுத் தாரியே என்றான். எல்லாரும் சிரிக்க எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் கைமுதல் கரைந்துகொண்டே போனது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து உன் சித்தி குருவம்மாள் வந்து, ஏட்டி, பேசாம மவன்கிட்டப் போய்ச் சேரு என்றாள், புறப்படப் பாதி மனசு வந்துவிட்டது. மறுநாள் காலை வாயைத் திறந்து, இன்னையிலருந்து ஒன்னரை ரூவா என்றேன். சொல்லிவிட்டு அப்பா உட்காரும் ஸ்டூல் பக்கம் திரும்பிப் பார்த்தேன், சரிதானா என்று. முத்துவீரன்தான் முதலில் காசைப் போட்டான்.

தை பிறந்ததும் வெங்காய விலை படுத்துவிட்டது, தெருவில் கூவிக் கூவி விற்கிறான். மற்றக் கடைகளில் ஒன்னரை அப்படியே நிற்க, நான் மட்டும் ஒரு ரூபாய்க்கு இறக்கினேன். ஏறுன வெல எறங்கி நான் பாத்ததே இல்ல, ஒனக்கு ஒடம்புக்கு ஏதும் செய்யுதா அத்தை என்று முத்துவீரன் நெற்றியைத் தொட்டுப் பார்க்க வருகிறான். இப்போது கூட்டம் எம்புட்டு தெரியுமா, எழுத உட்கார நேரமில்லை. விலையை இறக்கிச் சொன்ன அன்று ஸ்டூல் பக்கம் நான் பார்க்கவே இல்லை, கடை கழுவும்போதுதான் அது நினைவு வந்தது, ஸ்டூலை இன்னொரு தரம் துடைத்து வைத்தேன்.

ஆகவே நான் அங்கே வரவில்லை, கோபப்படாதே. செல்லக்கனியிடம், பனியில் தலைக்கு ஊற்ற வேண்டாம் என்று சொல். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க என் ஆசீர்வாதம். ஆவணியில் அப்பாவின் வருஷத் திதிக்குத் தவறாமல் வந்துவிடுங்கள். ரயில் டிக்கெட் எடுக்கையில், திரும்பிப் போக உங்கள் இருவருக்கு மட்டும் எடு.

இப்படிக்கு
உன் அம்மா
கருத்தம்மாள்