நெருப்புக் கட்சி, பனிக் கட்சி, சட்டைப் பையில் ஒரு லைட்டர்

என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதைவிட மூதி என்று திட்டிக் கூப்பிட்டதே அதிகமான என் அன்பு அண்ணாச்சிக்கு,

நீங்கள் போய் நாற்பது நாள் ஆகிவிட்டது. உங்கள் தீப்பெட்டி ஆபீஸ் ஓடுகிறது. கழுகுமலை பஸ்ஸில் வருகிற பெண்கள் வழக்கம்போல வந்து குச்சி அடைக்கிறார்கள். உங்கள் நாற்காலியில் மட்டும் யாரும் உட்காரவில்லை. மரியாதைதான் காரணம். அதன் ஒரு கால் ஆடுவதும் காரணமாக இருக்கலாம்.

நம் சனிக்கிழமை வாசகர் வட்டம்தான் படுத்துவிட்டது. சண்டை போட ஆள் இல்லாத வட்டம் எப்படி உருளும்?

அந்த ஆங்கிலப் பேய் நாவலை வைத்துக்கொண்டு எத்தனை மாதம் மல்லுக்கட்டினோம்! மலை உச்சியில் ஒரு பழைய மாளிகை, யாரும் திறக்காத ஓர் அறை, சிரிக்கத் தெரியாத ஒரு துரை. துரை வருகிற பக்கமெல்லாம் பனி கொட்டும். கதாநாயகி வருகிற பக்கமெல்லாம் எங்காவது நெருப்பு எரியும். இந்த இரண்டுக்கும் என்ன அர்த்தம் என்று கேட்டு, காலேஜில் இங்கிலீஷ் நடத்துகிற உங்கள் மகள் செல்விதான் அந்தச் சண்டையை நம் தலையில் கட்டினாள்.

“நெருப்புன்னா சோறுலே,” என்றீர்கள் நீங்கள். “குச்சி எரிஞ்சாத்தான் எனக்கு உலை கொதிக்கும். அந்தப் பனிதான் எமன். ஒரு தூத்தலுக்கே என் குச்சி நமத்துப் போவுது. பனி பேஞ்சா ஆபீசை இழுத்து மூட வேண்டியதுதான்.”

நான் கரிசல்காட்டு விவசாயி மகன், விடுவேனா? “வானத்துலேர்ந்து எது விழுந்தாலும் சாமிதான் அண்ணாச்சி. பனி மழைக்குத் தம்பி. துரை நல்லவரு. தீ வளக்கிறவளைத்தான் நம்பப்பிடாது.”

“பனியை நீ எங்கலே பாத்த?”

“தூத்துக்குடி மீன் பெட்டியில.”

“அப்போ ஒன் துரை நாறத்தான் செய்வான்.”

அன்றைக்குக் காப்பி கொண்டுவந்த செல்வி சிரித்த சிரிப்பில் டம்ளர் கவிழ்ந்து நாவலின் அட்டை நனைந்ததே, அந்தக் கறை இன்னும் இருக்கிறது.

பிறகு ஒருநாள் உங்களை வீட்டு நடு ஹாலில் ஐஸ் பெட்டிக்குள் படுக்க வைத்திருந்தார்கள். கண்ணாடியில் ஆவி படிந்து மூக்கு மட்டும் தெரிந்தது. கோவில்பட்டியில் நாம் சேர்ந்து பார்த்த ஒரே பனி அதுதான் அண்ணாச்சி. ‘பனிதான் எமன்’ என்ற கட்சியில் நீங்கள் இப்படியா ஜெயிக்க வேண்டும்? எனக்கு ஆத்திரமாக வந்தது. அழுகிறேன் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

ஆத்திரத்தோடு பயமும் இருந்தது. பிளாஸ்டிக் லைட்டர் வந்து தீப்பெட்டித் தொழிலையே அழிக்கிறது என்று பொருமுவீர்களே, அப்போதெல்லாம் கடைசியில் ஒன்று சொல்வீர்கள்: “ஏலே, நான் செத்தா என் ஆபீஸ் குச்சியிலதான் தீ வைக்கணும். லைட்டரை நீட்டுனியன்னா எந்திரிச்சு உக்காந்துருவேன்.” பேய் நாவல் படித்தவனிடம் சொல்லக்கூடிய பேச்சா இது?

சுடுகாட்டுக்குப் போகிற வழியில் தூறல் பிடித்துக்கொண்டது. செல்வி சுமந்துவந்த கொள்ளிச்சட்டி அவிந்து போனது. கற்பூரம் வைத்து உங்கள் ஆபீஸ் தீப்பெட்டியைத் திறந்தார்கள். குச்சி மேல் குச்சி உரசினார்கள். மருந்து உதிர்ந்ததே தவிர ஒரு பொறி இல்லை.

“எவன்ட்டயாவது லைட்டர் இருக்காடே?” என்றார் ஒரு பெரியவர்.

கூட்டத்தில் நாலைந்து தீப்பெட்டி முதலாளிகள் நின்றார்கள். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்து மூன்று சட்டைப் பைகளில் லைட்டர் இருந்தது. அதில் ஒன்று என்னுடையது. ஆமாம் அண்ணாச்சி, இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. என் கை பைக்குள் போய்விட்டது. உங்கள் முகத்தைப் பார்த்தேன். கையை வெறுமனே வெளியே எடுத்துவிட்டேன்.

செல்வி ஒரு குச்சியை எடுத்தாள். முந்தானைக்குள் நனையாமலிருந்த தலைமுடியில் அதை ஈரம் போகச் சரசரவென்று தேய்த்தாள். மழைநாளில் உங்கள் ஆபீஸ் பெண்கள் அடுப்புப் பற்றவைக்கச் செய்கிற அதே வைத்தியம். அந்த வகையிலும் என்னால் உதவ முடியவில்லை. என் தலையின் நிலைமை உங்களுக்குத் தெரியும். குடையை மட்டும் பிடித்தேன். முதல் குச்சி ஏமாற்றியது. இரண்டாவது புகைந்தது. மூன்றாவது சீறிக்கொண்டு பற்றியது. மேலே மழை, கீழே கற்பூரம். நம் இரண்டு கட்சியும் ஒரே குடைக்குள் நின்றன.

நீங்கள் எழுந்து உட்காரவில்லை. நன்றி.

போன வாரம் லைட்டரைச் செல்வியிடம் ஒப்படைத்து எல்லாவற்றையும் சொன்னேன். “தெரியும் சித்தப்பா. அப்பாவுக்கும் தெரியும். ‘அந்த மூதி எப்ப ஒத்துக்கிடுதான்னு பாப்போம்’னு சொல்லுவாவ,” என்றாள். சொல்லிவிட்டு உங்கள் நாவலைக் கையில் கொடுத்தாள்.

கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் ஒரு தீப்பெட்டி லேபிளை அடையாளம் வைத்திருக்கிறீர்கள். அதுவரை பக்கத்துக்குப் பக்கம் இருந்த உங்கள் பென்சில் கோடு அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. அண்ணாச்சி, நீங்களும் முடிக்கவில்லையா? நானும்தான்! முடிவே தெரியாமலா இத்தனை மாதம் தொண்டை கிழியக் கத்தினோம்?

வருகிற சனிக்கிழமை அந்த ஆடுகிற நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தைச் சத்தமாக வாசிப்பேன். நெருப்பு ஜெயித்திருந்தால் மறைக்காமல் சொல்வேன். பனி ஜெயித்திருந்தால் மெதுவாகச் சொல்வேன்.

இப்போது தீப்பெட்டி மட்டுமே வைத்திருக்கும்
உங்கள் தம்பி,
ராமசுப்பு