புடிங்க அவளை

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. போனில் சொல்ல வாய் வரவில்லை. நீ என்னிடம் விட்டுப்போன உன் மகளின் உயிருக்கு ஒன்றுமில்லை. வலது கை முறிந்து கட்டுப் போட்டிருக்கிறது. முறித்தவர் நூலகக் காவலாளி, முறிக்க வைத்தவள் நான். இனி திட்டிக்கொண்டே படி.

நூலக மாடியில் என் பொறுப்பில் பட்டறை அறை இருக்கிறதல்லவா, பிள்ளைகள் அறுத்து, துளைத்து, ஒட்டிப் பழகும் இடம்? உன் மகளுக்குக் காது கேட்காது என்பதால் நானே அங்கே ஒரு விதி வைத்தேன். ஆபத்து என்றால் கத்தக் கூடாது, சுத்தியலால் மேசையில் ஓங்கி அடிக்க வேண்டும். அதிர்வு அவள் உள்ளங்கைக்கும் எட்டும். அடி விழுந்ததும் சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்பவர் மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும்.

சனிக்கிழமை துளையிடும் இயந்திரத்தில் அவளுடைய தோழியின் பின்னல் சிக்கி, தலையை இழுத்துக்கொண்டது. முகமெல்லாம் ரத்தம். உன் மகள் சுத்தியலை எடுத்து மேசையில் அடித்தாள். அந்த நேரம் பார்த்தா நான் உள்ளே நுழைய வேண்டும்? அலறும் பெண், ரத்தம், ஓங்கிய சுத்தியல். விதி வைத்தவளுக்கே விதி மறந்துபோனது. "புடிங்க அவளை" என்று கத்தினேன். காவலாளி பாய்ந்து அவள் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கினார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. சுவிட்சுப் பக்கம் நின்ற பெண்ணும் அதை விட்டுவிட்டு இவளைப் பிடிக்க ஓடிவந்தாள். உன் மகள் மற்றக் கையால் மேசையை அடித்துக்கொண்டே இருந்தாள். இயந்திரம் நிற்பதற்குள் தோழியின் தலைத்தோல் உள்ளங்கை அகலத்துக்குக் கிழிந்துவிட்டது.

நேற்று நிர்வாகக் குழுத் தலைவர் ஒரு தாளை நீட்டினார். உன் மகள் கோபத்தில் தாக்க வந்தாள் என்று அதில் இருந்தது. "கையெழுத்துப் போடும்மா, உன் வேலையும் தப்பும், அறையும் தப்பும். இந்த மாதிரிப் பிள்ளைங்களை இனிமே சேர்க்க வேணாம், அவ்வளவுதான்" என்றார். தாளின் பின்பக்கத்தில் நடந்ததை நடந்தபடி எழுதி, கத்தியது நான்தான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வேலை போனால் போகட்டும். வியாழக்கிழமைக் கூட்டத்திலும் இதையே சொல்வேன்.

ஆனால் அக்கா, நான் சைகை பேசக் கையைத் தூக்கினாலே அவள் கண்ணை மூடிக்கொள்கிறாள். காது கேட்கிறவள் என்றால் கதவுக்கு வெளியே நின்றாவது கெஞ்சியிருப்பேன். கண்ணை மூடியவளிடம் எப்படிப் பேசுவது?

நீ வீடியோவில் கூப்பிட்டால் பார்ப்பாள். அவள் சரியாகத்தான் அடித்தாள் என்று சொல். என்னைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அவசரக்குடுக்கைத் தங்கை