துணைவரின் திருப்தி

மார்ச் 3, திங்கள்

காலை ஒன்பதுக்கே மாடி தகிக்கிறது. தண்ணீர் லாரி வரவில்லை. எங்கள் பாப்பா பள்ளி வேனில் போயாயிற்று.

வியாழன் மதுரைக்கு எடுத்துப் போக: பழைய ஃபைல். ஸ்கேன். குடிதண்ணீர். கு.வுக்குத் தளர்வான வேட்டி.

கு. என் கணவன். பேச்சில் ‘நீங்க’, இந்த நோட்டில் மட்டும் ‘அவன்’. கல்யாணத்துக்கு முந்திய வருடம் வத்தலக்குண்டு சாலையில் பைக் விபத்து. இடுப்பெலும்பு நொறுங்கியது. எலும்பு தேறியது, எழுச்சி திரும்பவில்லை. பெண் கேட்டு வந்தபோது என் அம்மா வீட்டில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. தலை ஆடிக்கு அம்மா வந்து என்னை நெய்க்காரப்பட்டிக்கு அழைத்துப் போனாள். ஆவணியில் திரும்பினேன். அதற்குள் அவன் உடம்பில் கருவி வைத்துவிட்டார்கள். உறுப்புக்குள் இரண்டு குழாய், அடிவயிற்றில் ஒரு பை, விதைப்பையில் கொட்டைப்பாக்கு அளவு பம்ப். அழுத்தினால் குழாயில் நீர் ஏறும், உறுப்பு நிமிரும். சம்மதப் படிவத்தில் மாமாவின், அதாவது கு.வின் அப்பாவின், கையெழுத்து.

ஒன்பது வருடம். இந்த ஜனவரியிலிருந்து நீர் ஏறவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

நாகல் நகரில் எங்கள் வீடு மாடியில். கீழே மாமாவின் பைப், மோட்டார் கடை. சாப்பாட்டுக்கு மேலே வந்தவர் கு.விடம்:

“ஏலே, மோட்டாரே பத்து வருசம் ஓடுனாப் பெருசு. பழசைக் கழட்டிட்டுப் புதுசை மாட்டிருவோம். இதுக்கு ஏன் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கே?”

“ம்.”

“பங்குனி பெறக்குறதுக்குள்ள முடிச்சுப்புடணும். அந்தப் புள்ளையை அவுக அம்மா வீட்டுக்கு அனுப்பி விட்டுரு. பாவம், இங்க கெடந்து அது எதுக்கு அல்லாடணும்.”

அந்தப் புள்ளை நான்தான். எம்.ஏ., எம்.ஃபில். வயது முப்பத்திரண்டு. நாலடி தூரத்தில் வெஞ்சனத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். கடுகு கருகியது. கருகட்டும்.

மார்ச் 6, வியாழன்

மதுரை. மூன்று மணி நேரம் காத்திருப்பு. எதிர் நாற்காலிக்காரர் செய்தித்தாளால் முகத்தை மூடிக்கொண்டே இருந்தார். தாள் தலைகீழ்.

டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி கு.விடம், “போன மாசம் ஃபாலோ-அப்ல நல்லா வேலை செய்யுதுன்னு சொல்லியிருக்கீங்களே?”

“நான் சொல்லலையே சார்.”

திரையைத் திருப்பினார். கருவி: நன்று. வலி: இல்லை. நோயாளியின் திருப்தி: ஆம். துணைவரின் திருப்தி: ஆம்.

“துணைவர்னா யாரு சார்?” நான்.

முதல் முறையாக என் பக்கம் பார்த்தார். “நீங்கதாம்மா.”

“என்னை யாரும் கேக்கலையே.”

கீழே ஒரு போன் எண். மாமாவின் கடை எண். ஆபரேசன் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கூட இருந்தவர் அவர்தானே.

எங்கோ கசிவு, மொத்தமும் மாற்ற வேண்டும் என்றார். இரண்டாம் முறை கிருமி பிடிக்கும் அபாயம் கூடுதல். அவசரமில்லை, பேசி முடிவு செய்துகொண்டு வாருங்கள்.

பேருந்தில் ஒரே யோசனை. இப்படி எத்தனை மாமாக்கள் கல்லாவில் உட்கார்ந்து பதில் சொல்லியிருப்பார்கள்? அதையெல்லாம் கூட்டித்தான் ‘நீண்டகாலப் பலன்: நன்று’ என்று எழுதுவார்களோ?

மாலை, கடையில்.

“ஆஸ்பத்திரியிலருந்து போன் வந்துச்சா மாமா?”

“வருசா வருசம் வரும்மா. ஒரு பொண்ணு பேசும்.”

“சம்சாரத்துக்குத் திருப்தியான்னு கேட்டாங்களா?”

பைப் ‘எல்போ’க்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. “கேக்கும். கடையில நாலு பேர் நிக்கிறான். வேற என்ன சொல்லச் சொல்றே? அம்புட்டும் திருப்தின்னேன்.”

“ஒம்பது வருசமாவா?”

“ஆமா. ஒரு வருசங்கூடக் கொறை சொன்னதில்ல.” குரலில் பெருமை.

என் படுக்கையைப் பற்றி. ஒன்பது முறை.

மார்ச் 7, வெள்ளி

என்னைக் கேட்டிருந்தால்:

முதல் வருடம் பயம். கை பட்டால் உடைந்துவிடுமோ.

அடுத்த சில வருடங்கள் சிரிப்பு. அவன் அழுத்தி முடிப்பதற்குள், “என்ன, மோட்டார் ஏர் புடிச்சிருச்சா?” என்பேன். இருவரும் சிரித்து ஓய்ந்துதான் மற்றதெல்லாம். நல்ல வருடங்கள்.

பிறகு அவனுக்கு அது பரீட்சை ஆகிவிட்டது. தேறியே ஆக வேண்டும். வேண்டுமா என்று என்னைக் கேட்பது நின்றது. கருவி தயார், அதனால் நானும் தயார்.

ஜனவரிக்குப் பின்: பழுது. என் கையைப் பிடித்துக்கொண்டு படுக்கிறான். பேசுகிறான். எனக்கு இது பிடித்திருக்கிறது. அந்தச் சிரிப்பும் வேண்டியிருக்கிறது.

இதற்கு எந்தக் கட்டத்தில் டிக் போடுவார்கள்?

காலைக் காபி. கேட்டுவிட்டேன்.

“ஆபரேசன் உங்களுக்கு வேணுமா?”

“அப்பா சொல்றாரு...”

“ஆபரேசன் அப்பாவுக்கா?”

காபி புரையேறியது அவனுக்கு. சிரிப்பா, இருமலா, தெரியவில்லை. தணிந்ததும், “வேணும். ஆனா பயமாவும் இருக்கு.” டம்ளரை என் பக்கம் நகர்த்தி, “உனக்கு?”

கருவியைப் பற்றி என்னைக் கேட்பது ஒன்பது வருடத்தில் முதல் தடவை. யாரும் கேட்காத கேள்விக்குப் பதிலை யார் தயாராக வைத்திருப்பார்கள்? டம்ளரைக் கழுவப் போய்விட்டேன். கழுவியதையே மறுபடியும் கழுவினேன்.

பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்கு அவனே போன் செய்தான். பதிவு தவறு, திருத்த வேண்டும், இனி இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள். என் எண்ணை உரக்கச் சொன்னான்.

கீழேயிருந்து மாமா: “அவ நம்பரையா குடுத்தே? கிறுக்குப் பயலே!”

மார்ச் 10, திங்கள்

வெயில். தண்ணீர் லாரி வந்தது. எட்டுக் குடம்.

அம்மா போனில். “ஏங்கண்ணு, உன்ற மாமனார் கூப்ட்டிருந்தாரு. ஒரு மாசம் இங்க வந்து இருக்கப் போறயாமா?”

“வரலைம்மா.”

“சண்டையா கண்ணு?”

“இல்ல. இந்தத் தடவை இங்கதான் இருப்பேன்.”

பதினொன்றே கால். புது எண். சின்னப் பெண்ணின் குரல், பின்னால் வேறு பல குரல்கள். “மேடம், அந்த ஃபாலோ-அப் திருத்தணும்னு சொன்னீங்களாமே. ரெண்டே நிமிசம். துணைவரின் திருப்தி... ஆமாவா, இல்லையா மேடம்?”

அடுப்பை அணைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கீழே பைப் அறுக்கும் ரம்பச் சத்தம் நின்றது. மாடிக்கதவு திறந்துதான் கிடந்தது. சாத்தவில்லை.

“பேனா இருக்காம்மா? எழுதிக்கங்க. செத்த நேரம் ஆகும்.”