கையெழுத்துக்குப் பின் எழுதிய தீர்மானம்

காரைக்குடி
12.8.2025

அன்புள்ள அனுசுயாவுக்கு,

"பேத்திக்கு வேலை வேணும், அதான் ஆச்சி சரின்னு கையெழுத்துப் போட்டுட்டாக" என்று நம் பள்ளியில் பேசுகிறார்களாம். பொய். என் பேத்தி கிருத்திகா பி.எட். முடித்திருக்கிறாள். வேலை கேட்டு யாரிடமும் போகவில்லை.

அரசுப் பள்ளிகளுக்குக் கூடுதல் சுதந்திரம் தரலாமா என்று ஆசிரியர்களிடம் கருத்துக் கேட்ட கூட்டத்துக்கு, பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள ஓய்வுபெற்ற ஆசிரியை என்பதால் நானும் வந்தேன். பாடவேளையைப் பள்ளியே முடிவு செய்யட்டும் என்றேன். ஆசிரியர் நியமனம் மட்டும் பள்ளியிடம் வேண்டாம், ஊர்ச் சிபாரிசு உள்ளே வந்துவிடும் என்றேன். தலைமையாசிரியை நீ அனுப்பிய அறிக்கையில் 'நியமனம் உட்பட அனைத்தையும் ஏகமனதாக ஏற்றனர்' என்றிருக்கிறது. கீழே என் கையெழுத்து.

நான் கையெழுத்திட்டது வெற்றுத்தாளில். "வந்ததுக்கு ஒரு கையெழுத்து ஆச்சி, போட்டுட்டு டீயக் குடிங்க, ஆறிப்போகுது" என்று நீட்டியவர் வேல்பாண்டி சார்.

இதை ஒரு தலைமையாசிரியை செய்யலாமா?

இப்படிக்கு,
உமையாள்

18.8.2025

மதிப்பிற்குரிய ஆச்சி டீச்சருக்கு,

வணக்கம். மாவட்டக் கல்வி அலுவலகத்தில் அன்று மாலை ஐந்து மணிக்குள் அறிக்கை கேட்டார்கள். எழுதி அனுப்பினேன்.

முதலில் கையெழுத்து, பிறகு தீர்மானம். நீங்கள் தலைமையாசிரியையாக இருந்த ஒன்பது வருடமும் அதுதானே நடந்தது? தீர்மானப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போய், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி வருவீர்கள். திருக்கோஷ்டியூர்ப் பள்ளிக்கு மாற்றுப்பணியில் போக நான் சம்மதித்ததாகவும் அப்படித்தான் எழுதினீர்கள். என் மகன் ஆதித்தனுக்கு அப்போது ஐந்து மாதம். கூட்டத்தில் அழுதேன். புத்தகத்தில் அது இல்லை.

உங்கள் பெயருக்கு வந்ததும்தான் உங்களுக்கு வலிக்கிறது.

அனுசுயா

23.8.2025

அனுசுயாவுக்கு,

நீ எழுதியது உண்மை. நான் படித்த கான்வென்ட்டில் அடித்து எழுதினால் சிஸ்டர்கள் தாளைக் கிழித்துப் போடுவார்கள். அந்தப் பயம் எனக்குக் கடைசிவரை போகவில்லை. இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை.

மாற்றுப்பணிக்கு நீ சம்மதிக்கவில்லை, நான்தான் அப்படி எழுதினேன் என்று மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு என் கைப்பட எழுதி அனுப்பிவிட்டேன். உன் அறிக்கையில் உள்ளது என் கருத்தல்ல என்பதும் அதே கடிதத்தில் இருக்கிறது. நகல் இதனுடன். மூன்று இடத்தில் அடித்திருக்கிறேன், அப்படியே விட்டுவிட்டேன்.

உன்னை நான் மன்னிக்கவில்லை. நீயும் என்னை மன்னிக்க வேண்டாம்.

கூட்டத்தை மறுபடி கூட்டி, அவரவர் சொன்னதை எழுதி, அதன்பிறகு கையெழுத்து வாங்குவாயா, மாட்டாயா? போன் செய்யாதே. எழுத்தில் பதில் அனுப்பு.

உமையாள்