முறுக்கு சுட்ட வாரம்

அண்ணே,

போனில் நீ பேச ஆரம்பித்தால் எனக்குப் பேச்சே வராது. அதனால் எழுதுகிறேன்.

அம்மாவின் பைபோலார் நோயைப் புரிந்துகொள்ள, உன் ஆராய்ச்சிக்கூடத்துக் கணினிக்குள் அவர் மூளைக்கு ஒரு மாதிரி செய்து வைத்திருக்கிறாய். நீ கட்டிவிட்ட கைக்கடிகாரம் அம்மாவின் தூக்கத்தையும் நடமாட்டத்தையும் சிங்கப்பூரில் இருக்கும் உனக்கு அனுப்புகிறது. போன வாரம் அம்மா சரியாகத் தூங்கவில்லை, ஓயாமல் நடந்தார். நோய் ஏறுகிறது, அளவுமீறிய உற்சாகம் வரப்போகிறது என்றது உன் கணினி. உடனே கூப்பிட்டாய்.

தீபாவளிக்கு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தோம், அண்ணே. பொந்தியானிலிருந்து அத்தைகள் வந்திருந்தார்கள். வீட்டில் யாருமே தூங்கவில்லை. என் கையெல்லாம் மாவு, அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மாவுக்கு மறுபடி ஏறுது லா. மாத்திரை போட்டாங்களா? அடுப்புகிட்ட விடாத!"

எல்லாருக்கும் கேட்டது. பெரியத்தை அம்மா கையிலிருந்த முறுக்கு அச்சை மெல்ல வாங்கிக்கொண்டார். அம்மா அறைக்குள் போய்விட்டார்.

உன் கணினி முன்பு ஒருமுறை சரியாகச் சொன்னது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டு அம்மா பக்கத்திலேயே படுத்து எழுகிறவள் நான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?

நேற்று டிவி பார்த்துச் சிரித்த அம்மா சட்டென்று நிறுத்திவிட்டார். "பாப்பா, நான் ரொம்ப சிரிக்கிறேனா?" என்று என்னைக் கேட்டார்.

கடிகாரத்தைக் கழற்றிவிட்டேன். திரும்பக் கட்ட வேண்டுமென்றால் தீபாவளிக்கு நீயே வா. அத்தைகள் எல்லார் முன்னாலும் அம்மாவிடம் கேட்டுவிட்டுக் கட்டு.

உன் தங்கை